மூழ்காதவரைக் காப்பாற்றியவர்

என் அக்கா வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னால் தீவில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'விசில்' என்றால் தெரியும். கடற்கரைக் காவலராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அந்த வேலை எப்படி முடிந்தது என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நான் பக்கத்திலேயே இருந்தவன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் எங்கள் மழைக்காலத்தைப் பற்றிக் கொஞ்சம். தீவுக்கு ஆட்கள் வருவது அலைக்காக. வெயில் மாதங்களில் அலை ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையில் நிற்கப் பழகியது போல ஒழுங்காக வரும். பலகையில் ஏறி நின்று சறுக்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். மழை தொடங்கியதும் காற்று திசை மாறிவிடும். எங்கே எழுவது, எங்கே உடைவது என்று அலைக்கே தெரியாது. ஆற்று முகத்திலிருந்து வரும் மண் தண்ணீர் கலந்து, பாதித் தூரத்துக்குக் கடல் டீ நிறத்தில் கிடக்கும். உப்பு ஜாடிக்குள்ளேயே கரையும். தீக்குச்சியை உரசினால் அதன் தலை நசுங்கும். மாட்டி வைத்த பெல்ட்டில் பூஞ்சை பூக்கும். இன்று காயப்போட்ட துண்டு நாளைக்கும் ஈரமாக இருக்கும், நாளைக்குக் கூடவே நாற்றமும் சேர்ந்திருக்கும். அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடுவது என் தொழில். மழை வந்தால் அறுபது பலகையும் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடக்கும். நான் அவற்றுக்கு அடியில் சாய்ந்து கிடப்பேன்.

மாமாவால் அப்படிக் கிடக்க முடியாது. வெயில் காலத்தில் கடற்கரைக்கு ஆறு காவலர்கள். அதில் ஐந்து பேர் தற்காலிகம். மழை வந்தால் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாமா ஒருவர் மட்டும் காலை ஏழு மணிக்குச் சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டு, நாலு கால் மரக்கூண்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாலை ஐந்து வரை உட்கார்ந்திருப்பார். கூண்டுக்கு ஏழு படி. ஐம்பது வயதைத் தாண்டியபின் அந்த ஏழு படியும் அவருடைய வலது முட்டிக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. யாரும் கடலில் இறங்கக் கூடாது என்பதுதான் கொடிக்கு அர்த்தம். யாரும் இறங்காத கடலைப் பத்து மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க" என்று அக்கா ஒரு தடவை சொல்லிவிட்டாள். மாமா கோபப்படவில்லை. "சும்மா உக்காந்து பாரு, தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

அவரை அப்படி ஆக்கியது ஏழு வருடத்துக்கு முன் நடந்த ஒன்று. அதுவும் மழைக்காலம். ஒரு ஆள், சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டு, ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, தண்ணீர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அலை பார்க்கிறார் என்று மாமா நினைத்தார். ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர் நிரப்பப் போய்த் திரும்ப ஆறு நிமிடம் ஆகியிருக்கும். ஷூ இருந்தது. ஆள் இல்லை. மூன்றாம் நாள் மேற்குப் பாறையோரம் ஒதுங்கினார். மாமா மேல் தவறு இல்லை என்று அலுவலகமே எழுதிக் கொடுத்தது. அந்தக் காகிதத்தை அவர் படித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மழையில் தனியாக நிற்கிற ஒருவரைக் கண்டால் அவர் முகமே மாறிவிடும். சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நின்றுகொண்டே சாப்பிடுவார்.

போன மழைக்கு முந்தின மழையில் அந்த அம்மா வந்தார்.

அக்கா லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறவள். பாதி வாடகைக்கு 'அமைதிக் காலச் சலுகை' என்று லாட்ஜ் முதலாளி வாசலில் தட்டி கட்டியிருந்தார். அந்த வாரம் அதை நம்பி வந்தது ஒரே ஒரு ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பை. குடை இல்லை. படகிலிருந்து இறங்கி, நனைந்தபடியே நடந்து வந்து, எட்டு நாளைக்கு ஏழாம் எண் அறை எடுத்தார்.

அன்று சாயங்காலமே அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏழாம் ரூம் அம்மா சரியில்லடா. போனை அணைச்சு, துண்டுல சுத்தி, அலமாரிக்குள்ள வெச்சிருக்காங்க. குளிக்கப் போனப்ப நானே பாத்தேன்."

"சார்ஜ் இல்லாம இருக்கும்" என்றேன்.

"படுக்கையைத் தானே மடிச்சு வெச்சிருக்காங்க. லாட்ஜுக்கு வந்து யாராவது படுக்கை மடிப்பாங்களா? எதையும் பாக்கி வெக்காம போறவங்கதான் அப்படிச் செய்வாங்க."

மாமா சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார். "நாளைக்கு எங்க போறாங்கன்னு கவனி" என்றார்.

மறுநாள் அந்த அம்மா நேராக மாமாவின் கூண்டுக்கு எதிரிலேயே போய் உட்கார்ந்தார். முந்தின புயலில் ஒதுங்கிய பெரிய மரத்துண்டு ஒன்று அங்கே கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து மதியம் வரை கடலையே பார்த்தார். மழை வந்தது, போனது, மறுபடி வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மாமாவும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே நாற்பது அடி மணல்தான்.

அதிலிருந்து அந்த அம்மாவை நாங்கள் விடவில்லை. அக்கா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை டீ கொண்டுபோனாள். "மேடம், ஊர் எது? வீட்ல யார் யார்? பசங்க படிக்கிறாங்களா?" என்று ஒவ்வொரு டீக்கும் ஒரு கேள்வி. அவர் டீயை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டுவார். அது ஆமாவா இல்லையா என்று அக்காவுக்கும் புரியாது. லாட்ஜ் முதலாளி குடையோடு போய் வானிலை சொல்லிவிட்டு வந்தார். மருந்தக நர்ஸ் அந்தப் பக்கமாகப் போவது போலப் போய் மனச்சோர்வு பற்றிய துண்டுத்தாள் ஒன்றை அவர் பையில் செருகிவிட்டு வந்தார்.

என்னையும் அக்கா விரட்டினாள். நானும் போனேன்.

"போர்டு வேணுங்களா?" என்றேன். கொட்டுகிற மழையில் கேட்கிற கேள்வியா அது என்று கேட்டபிறகுதான் உறைத்தது.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அது.

"கத்துக்கலாம். மழை விட்டதும் நானே சொல்லித் தரேன். கத்துக்கிட்டா மனசுக்கு ரொம்ப நல்லதுங்க."

கண்ணை மூடிக்கொண்டார். நான் திரும்பி வந்துவிட்டேன். மாமாவிடம், "ரொம்ப மோசமாத்தான் இருக்காங்க" என்று சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

நாலு நாளில் மாமா ஒரு சுற்று இளைத்தது போல ஆனார். அந்த அம்மா இருக்கும்வரை கூண்டை விட்டு இறங்குவதில்லை. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று தண்ணீரையும் குறைத்தார். "அஞ்சு மணிக்கு ட்யூட்டி முடிஞ்சுதே, வாங்க" என்று அக்கா கூப்பிட்டால், "அவங்க எந்திரிக்கட்டும்" என்பார். அந்த அம்மா எழுந்து லாட்ஜுக்குள் போன பிறகுதான் மாமா வீட்டுக்கு வருவார். வந்ததும் முட்டியில் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணி. மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. நான் கொட்டகை வாசலில் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்க வேண்டிய அவசியம் இல்லை, கைக்கு ஒரு வேலை. நிமிர்ந்து பார்த்தால் மரத்துண்டில் ஆள் இல்லை. அந்த அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார். முழங்கால், தொடை, இடுப்பு.

விசில் மூன்று தடவை கேட்டது. மாமா படியில் இறங்கினாரா குதித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சிவப்பு மிதவையை இடுக்கிக்கொண்டு மணலில் ஓடினார். பத்து வருடமாக அவர் ஓடி நான் பார்த்ததில்லை. தண்ணீரில் இறங்கிப் பத்தடி போயிருப்பார், வலது கால் மடங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து அவரை உருட்டியது. மிதவை ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். இழுவை என்று நாங்கள் சொல்லுகிற நீரோட்டம் அங்கே உண்டு. இடுப்பளவு தண்ணீரிலேயே காலைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும். மாமாவின் தலை ஒரு தடவை தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

நான் போய்ச் சேருவதற்குள் அந்த அம்மா அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். நீச்சல் தெரியாதவர், அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையில் மாமாவையும் ஒரு கையில் மிதவைக் கயிற்றையும் பிடித்து நின்றார். மிதவையை நான் இந்தப் பக்கமிருந்து இழுக்க, மூன்று பேருமாகக் கரைக்கு வந்து விழுந்தோம். மாமா வாந்தி எடுத்தார். எடுத்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவங்க நல்லா இருக்காங்களா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அந்த அம்மா. மூச்சு வாங்கியது. "நின்னுக்கிட்டுதான் இருந்தேன்."

அதற்குள் அக்கா ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தக் கஷ்டமா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம் மேடம். மனசு விட்டுப் பேசுங்க, எங்களை உங்க வீட்டு ஆளா நெனச்சுக்கங்க."

அந்த அம்மா கையை உருவிக்கொண்டார். கத்தவில்லை. தளர்ந்த குரலில்தான் சொன்னார்.

"தண்ணி சப்ளை ஆபீஸ்ல புகார் பிரிவுல இருக்கேன். பத்தொன்பது வருஷமா போன் எடுக்கிறேன். ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு பேர். எல்லாரும் கோவமாத்தான் பேசுவாங்க, வீட்ல தண்ணி வரலையே. அவங்களைச் சொல்லித் தப்பில்ல. எனக்கு எட்டு நாள் யார் குரலும் கேக்காம இருக்கணும், நானும் வாயைத் திறக்காம இருக்கணும். மழையில எங்க யாரும் போக மாட்டாங்கன்னு தேடிப் பாத்து இங்க வந்தேன். வந்த நாள்லேர்ந்து டீ கொண்டு வந்து கேள்வி கேக்கறீங்க. இவர் போர்டு வேணுமாங்கறார். நர்ஸம்மா பேப்பர் குடுக்கறாங்க. எங்க ஆபீஸ்ல கூட மதியம் அரை மணி நேரம் விடுவாங்க."

மாமா மணலில் படுத்தபடியே, "செவப்புக் கொடியைப் பாக்கலையாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தேன். போர்டுல போறவங்களுக்குன்னு நெனச்சேன். காலை நனைக்கலாம்னு தோணுச்சு. நனைச்சேன். இன்னும் கொஞ்சம் போகலாம்னு இருந்துது." சற்று நிறுத்தி, "வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

நர்ஸ் பார்த்துவிட்டு, முட்டியில் தசைநார் கிழிந்திருக்கிறது, நகரத்துக்குக் கொண்டுபோய்ப் படம் எடுக்க வேண்டும் என்றார். ஆனால் அன்று மதியத்திலிருந்து படகை நிறுத்திவிட்டார்கள். கட்டுப் போட்டு வீட்டில் படுக்க வைத்தோம். அக்காவுக்கு லாட்ஜில் வேலை, எனக்குக் கொட்டகைக் கூரை ஒழுகியது. மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நான் இங்க உக்காந்துக்கிறேன். பேச மாட்டேன்" என்றார். ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா கட்டிலில். நான் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தேன். இரண்டு தடவையும் இருவரும் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வாயே திறக்காமல் இருந்தார்கள். மூன்றாவது தடவை போனபோது மாமா தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவர் தூங்கி ஏழு வருடம் ஆகியிருந்தது.

ஷூ வைத்துவிட்டுப் போன ஆளைப் பற்றி அன்று மாலை மாமாவாகவே அவரிடம் சொன்னார். நானும் இருந்தேன். நீளமாகச் சொல்லவில்லை. ஏன் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், என்று ஆரம்பித்து நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கேட்டுவிட்டு அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "அதுக்கப்புறம் லீவு போட்டீங்களா?"

"இல்லம்மா. மறுநாள் ட்யூட்டி இருந்துது."

அவர் தலையை ஆட்டினார். இந்தத் தடவை அது எனக்குப் புரிந்தது.

மறுநாள் நகரத்திலிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார். யாரைக் காப்பாற்றப் போய் அடிபட்டது என்று கேட்டார். மாமாவுக்கு மழுப்பிப் பேசத் தெரியாது.

"யாரையும் இல்ல சார். அவங்க நின்னுக்கிட்டுதான் இருந்தாங்க. நான்தான் மூழ்குறாங்கன்னு நெனச்சேன். அவங்கதான் என்னைத் தூக்குனாங்க."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். சூப்பர்வைசர் மோசமான ஆள் இல்லை. விதியைச் சொன்னார். மீட்புப் பணியில் அடிபட்டால் முழு விடுப்பும், அதற்குப் பிறகு உட்கார்ந்து பார்க்கிற வேறு வேலையும் உண்டு. சும்மா விழுந்தால் இரண்டு வாரம்தான். அதற்குள் குணமாகாவிட்டால் உடல் தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். "படிவம் அனுப்பறேன், யோசிச்சு எழுதுங்க" என்று வைத்துவிட்டார்.

படகுத்துறை அலுவலகத்தில் அச்செடுத்து நான்தான் படிவத்தைக் கொண்டுவந்தேன். 'மீட்கப்பட்டவர் வாக்குமூலம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மாமா அதைக் கீழே வைத்தார். "விழுந்துட்டேன்னே எழுது மாப்ளே. போதும். இருபத்தாறு வருஷம் போதும்" என்றார்.

ஜன்னலோரத்திலிருந்து ஒரு கை நீண்டது. அந்த அம்மா படிவத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தார். எங்களைப் போல இல்லை, மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"'விழுந்தார்'னு ஒரு வார்த்தை எழுதினீங்கன்னா அதோட முடிஞ்சுது. அடுத்த பக்கத்தையே யாரும் திருப்ப மாட்டாங்க. பேனா குடுங்க."

"பொய் எழுதாதீங்கம்மா" என்றார் மாமா.

அந்த அம்மா எழுதி, கையெழுத்துப் போட்டு, மாமாவிடம் நீட்டினார். மாமா சத்தமாகப் படித்தார். "நான் கடலில் இடுப்பளவு நீரில் நின்றிருந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. அந்த இடத்தில் இழுவை உண்டு என்பது எனக்குத் தெரியாது. காவலர் என்னை நோக்கி வரும்போது காலில் அடிபட்டது. அவர் வராமல் இருந்திருந்தால் நான் மேலும் உள்ளே போயிருப்பேன்."

"இதுல எது பொய்?" என்று கேட்டார் அந்த அம்மா.

மாமா இன்னொரு தடவை படித்தார், இந்தத் தடவை மனதுக்குள். பிறகு படிவத்தை என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் மதியம் அதைச் சரிபார்ப்பதற்காக நகரத்து அலுவலகத்திலிருந்து லாட்ஜுக்கு போன் வந்தது. ஏழாம் அறை அம்மாவைக் கூப்பிடச் சொன்னார்கள். அவர் படியிறங்கி வந்து, தொலைபேசிக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். அதை எடுக்கிற கை எப்படித் தயங்கியது என்பதை நான் பார்த்தேன். எடுத்ததும் குரல் மாறிவிட்டது. சுத்தமான, சுருக்கம் விழாத அலுவலகக் குரல். "வணக்கம், சொல்லுங்க. ஆமாங்க, நான்தான். எழுதினது சரிதான். அந்தப் பத்தியில சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுடுங்க. உங்க பேர், பிரிவு சொன்னீங்கன்னா நானும் குறிச்சுக்கிறேன்." நாலைந்து நிமிடம் போயிருக்கும். வைத்துவிட்டு மாடிப் படியில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது.

அக்கா டீ டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் போனாள். என் நாற்பது வருட அனுபவத்தில் அது முதல் தடவை.

பத்தாம் நாள் படகு ஓடத் தொடங்கியது. அதே படகில்தான் மாமாவைக் கட்டிலோடு நகரத்துக்குக் கொண்டுபோனோம். அந்த அம்மா கொஞ்சம் தள்ளி, ஓரமாக உட்கார்ந்து வந்தார். துறையில் இறங்கியதும் பையைத் திறந்து போனை எடுத்தார். துண்டைப் பிரித்தார், ஆனால் அங்கே அதை ஆன் செய்யவில்லை. மாமாவைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. விலாசத்தை அக்கா லாட்ஜ் பதிவிலிருந்து எடுத்திருந்தாள். கடிதம் எழுதட்டுமா என்று கேட்டபோது மாமா, "அவங்களை விட்டுடு" என்றார்.

மூன்று மாத விடுப்பு கிடைத்தது. அறுவை சிகிச்சை ஓரளவுதான் பலித்தது. இப்போது மாமாவுக்குப் படகுத்துறைக் காத்திருப்பு அறையில் வேலை. கழிப்பறை எந்தப் பக்கம், அடுத்த படகு எப்போது, பையை எங்கே வைப்பது, இந்த மூன்றையும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். உடம்பு போட்டுவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிடுகிறது என்று புகார்கூட வந்தது. அக்கா அதைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு கொஞ்ச நேரம் அடுப்படியில் தனியாக நின்றாள்.

வெயில் திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அவரைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். என் கொட்டகையில் கூட்டம். மாமா மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அலை நன்றாக வந்துகொண்டிருந்தது, கடலில் முப்பது நாற்பது தலைகள். அவர் அவற்றை எண்ணவில்லை என்று நினைக்கிறேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"போலாமா?" என்றார்.

"இப்பதானே வந்தோம்" என்றாள் அக்கா.

"பாத்தாச்சு."

அக்கா நாற்காலியை மடக்கினாள். இருவரும் மெதுவாக, அவர் கைத்தடி மணலில் புதைகிற வேகத்தில், சாலைப் பக்கம் நடந்தார்கள். போகிற வழியில் முட்டை வாங்க வேண்டும் என்று அவர் அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.